கேம் உருவாக்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: நம்முடையதைக் காப்பதும் பிறருடையதில் கைவைக்காமல் இருப்பதும்

பலகை விளையாட்டோ சீட்டு விளையாட்டோ மொபைல் கேமோ, உருவாக்குபவருக்கு இரண்டு பயங்கள் கூடவே வரும். நம்முடையதை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பது ஒன்று. நாமே தெரியாமல் யாருடையதிலாவது கைவைத்துவிட்டோமோ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் கோடு ஒன்றுதான். அடுத்தவரிடமிருந்து நீங்கள் எதை எடுக்கலாமோ அதைத்தான் அடுத்தவரும் உங்களிடமிருந்து எடுக்கலாம்.

திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். மாறும் இடங்களில் எந்த நாடு என்று குறித்திருக்கிறோம். பெரிய தொகையோ நீதிமன்றமோ சம்பந்தப்பட்டால் அந்தந்த நாட்டு வக்கீலைப் பார்த்தே ஆகவேண்டும்.

1. எனக்கு ஒரு சூப்பரான கேம் ஐடியா இருக்கு. அதை எங்கே பதிவு பண்றது?

ஐடியாவை ஐடியாவாகவே பதிவு செய்ய முடியாது. உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் டிரிப்ஸ் ஒப்பந்தம் 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிப்புரிமை வெளிப்பாட்டுக்கு மட்டுமே உண்டு. கருத்துக்கோ செயல்முறைக்கோ இயக்க முறைக்கோ கிடையாது என்று அதன் 9-ஆவது பிரிவு சொல்கிறது.

‘தீவில் மாட்டிக்கொண்ட நாலு பேர், புயல் வருவதற்குள் படகு கட்டித் தப்பிக்க வேண்டும்.’ இது ஐடியா. நாளைக்கே பத்துப் பேர் இதை வைத்து கேம் செய்யலாம். அந்தத் தீவை நீங்கள் வரைந்த விதம், நாலு பேருக்கும் கொடுத்த முகம், விதிப்புத்தகத்தில் எழுதிய வரிகள், புரோகிராம் கோட், பெட்டியின் மேல் போட்ட பெயர் இவையெல்லாம் வெளிப்பாடு. காப்பாற்ற முடிவது இவற்றைத்தான். ஆகவே ஐடியாவைப் பூட்டி வைத்து நாள் கடத்துவதைவிடச் சீக்கிரம் அதற்கு ஓர் உருவம் கொடுப்பதே நல்ல பாதுகாப்பு.

2. காப்புரிமை, பதிப்புரிமை, டிரேட்மார்க்... எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல் செய்திகளில் பலவற்றுக்கும் புழங்குவதால் வந்த குழப்பம் இது. இங்கே அந்தச் சொல்லையே விட்டுவிட்டு பதிப்புரிமை, டிரேட்மார்க், பேட்டன்ட், டிசைன் பதிவு என்று தனித்தனியாகவே எழுதுகிறோம்.

எழுதியது, வரைந்தது, இசைத்தது, கோட் அடித்தது இவற்றுக்குப் பதிப்புரிமை. பெயருக்கும் லோகோவுக்கும் டிரேட்மார்க். பொதுவாகப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். புதிய தொழில்நுட்பத் தீர்வுக்கு பேட்டன்ட். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ஆட்டக் காயின் வடிவம், பெட்டியின் உருவம் போன்ற கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கு டிசைன் பதிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகபட்சம் 25 ஆண்டு, அமெரிக்காவில் 15 ஆண்டு. ஒரே கேமில் நான்கும் இருக்கலாம். சண்டை வரும்போது முதல் கேள்வியே ‘இதில் எந்த உரிமை?’ என்பதுதான்.

3. அப்போ என் விதிகளை யார் வேணும்னாலும் எடுத்துக்கலாமா?

ஆடும் முறையை எடுக்கலாம். நீங்கள் எழுதிய வாசகத்தை எடுக்க முடியாது. இந்தப் பிரிவினை பழையது. கணக்கெழுதும் முறை ஒன்றைப் பற்றிய வழக்கில், புத்தகத்துக்கு உரிமை உண்டு, அது சொல்லும் முறைக்கு இல்லை என்று 1879-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. விளையாட்டு வழக்குகள் இன்றும் அந்தத் தீர்ப்பில் வந்து நிற்கின்றன.

கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு விதிப்புத்தகத்தில், ‘ஓநாய்கள் பசியோடு வட்டமிடும் நேரம் இது. இருட்டிலிருந்து இரண்டு சீட்டுகளைப் பிடுங்கு. ஒன்றை அவற்றுக்கே வீசி எறி’ என்று இருக்கிறது. இது ஒருவருடைய எழுத்து. அப்படியே எடுத்தால் மீறல். ‘இரண்டு சீட்டு எடுக்கவும், ஒன்றைக் கழிக்கவும்’ என்பதை வேறு எப்படிச் சொல்வது? ஒரு விஷயத்தைச் சொல்ல இரண்டொரு வழிதான் உண்டென்றால் அந்த வாசகத்துக்கு உரிமை கிடைப்பது மிக அரிது.

பேங் என்ற சீட்டு விளையாட்டின் உரிமையாளர்கள் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு இதற்குச் சரியான உதாரணம். அவர்களுடையதில் ஷெரிஃபும் கொள்ளையரும். எதிர்த்தரப்பின் ஆட்டம் பழைய சீனாவில் நடந்தது. பாத்திரங்களும் படங்களும் வேறு, ஆடும் விதம் ஏறக்குறைய அதேதான். விதிகளுக்கும் பாத்திரங்களின் ஆட்டத் திறன்களுக்கும் பதிப்புரிமை இல்லை என்று 2016-இல் தீர்ப்பானது.

4. அப்படின்னா ஒரு ஹிட் கேமை எடுத்து படத்தை மட்டும் மாத்திட்டா போதுமா?

இதை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டெட்ரிஸைப் பார்த்து மினோ என்ற மொபைல் கேமை ஒரு நிறுவனம் செய்தது. விதிகளுக்கு உரிமை இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே இறங்கினார்கள். 2012-இல் நியூ ஜெர்சி நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கட்டைகளின் தோற்றம், 20 வரிசையும் 10 பத்தியுமான களத்தின் அளவு, விழப்போகும் இடத்தைக் காட்டும் நிழல், ஆட்டம் முடியும்போது களம் தானாக நிரம்புவது ஆகியவற்றை அந்தத் தீர்ப்பு எண்ணிக் காட்டியது. ‘கட்டைகள் விழும், வரிசை நிரம்பினால் மறையும்’ என்பது கருத்து. களம் 20-க்கு 10 ஆக இருந்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அது ஒருவர் தேர்ந்தெடுத்தது.

அதே ஆண்டில் டிரிபிள் டவுன், யெட்டி டவுன் என்ற இரண்டு கேம்களுக்கிடையே வழக்கும் வந்தது. ஒன்றில் புல், புதர், மரம், குடிசை என்று வளரும். மற்றதில் நாற்று, மரம், கூடாரம், மரவீடு. ஒன்றில் கரடி வழிமறிக்கும், மற்றதில் பனிமனிதன். படம் ஒன்றுகூட ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றம் மறுத்தது, பின்னர் சமரசமானது. படிநிலை, எதிரியின் வேலை, திரையின் அடுக்கு எல்லாம் சேர்ந்தும் வெளிப்பாடாகலாம் என்பதே இதில் பாடம்.

செய்ய வேண்டியது இது. உங்களைக் கவர்ந்த கேமை எதிரில் வைத்து அதிலிருந்து நீங்கள் எடுத்த ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ‘இது இல்லாமல் இந்த வகை ஆட்டத்தையே ஆட முடியாதா?’ என்று கேளுங்கள். ஆட முடியாது என்றால் வைத்துக்கொள்ளலாம். முடியும் என்றால் அது அவருடைய தேர்வு, மாற்றுங்கள். களத்தின் அளவு, நிற வரிசை, பொத்தான் இருக்கும் மூலை, ஒலி, கடையில் பொருள்களின் விலை, முதல் நிலையின் வரைபடம் போன்றவை கண்ணுக்குத் தப்பிவிடும். வேர்டில் என்ற சொல் விளையாட்டைப் போன்ற கேம்களுக்கு, அதன் உரிமையாளரான நியூயார்க் டைம்ஸ் 2024 மார்ச்சில் அனுப்பிய நோட்டீஸ்களும் ஐந்துக்கு ஆறு கட்டத்தையும் பச்சை, மஞ்சள் கட்டங்களின் அமைப்பையும்தான் பிடித்துக்கொண்டன.

5. 30 சதவீதம் மாத்தினா தப்பிச்சுடலாம்னு சொல்றாங்களே?

அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. நீங்கள் எவ்வளவு மாற்றினீர்கள் என்பதை யாரும் அளப்பதில்லை. எடுத்தது என்ன, அது அந்தப் படைப்பில் எவ்வளவு முக்கியம் என்பதைத்தான் பார்ப்பார்கள். நூறு படத்தில் ஒன்றை மட்டும் அப்படியே எடுத்தாலும் அந்த ஒன்றுக்கு நீங்கள் பொறுப்பு.

6. எதையும் பதிவு செய்யாம விட்டா பதிப்புரிமை போயிடுமா?

போகாது. பெர்ன் ஒப்பந்தத்தில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அவற்றில் எழுதி அல்லது வரைந்து முடித்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடும். பதிவோ முத்திரையோ தேவையில்லை.

ஆனால் உரிமை இருப்பது வேறு, அதை வைத்து நஷ்ட ஈடு வாங்குவது வேறு. அமெரிக்கப் படைப்பு என்றால் அங்கே பதிவு செய்த பிறகே வழக்குத் தொடுக்க முடியும். வேறு நாட்டுப் படைப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் மீறல் தொடங்கும் முன்போ முதல் வெளியீட்டிலிருந்து மூன்று மாதத்துக்குள்ளோ பதிவு செய்திருந்தால்தான் அங்கே சட்டம் நிர்ணயித்த நஷ்ட ஈட்டைக் கேட்க முடியும். அது படைப்பு ஒன்றுக்கு 750 முதல் 30,000 டாலர் வரை. வேண்டுமென்றே மீறியிருந்தால் 1,50,000 டாலர் வரை. பதிவு இல்லையென்றால் உங்களுக்கு ஏற்பட்ட உண்மையான இழப்பையோ எதிராளி சம்பாதித்த லாபத்தையோ நிரூபித்தாக வேண்டும். சின்ன கேம் என்றால் அந்தத் தொகை வக்கீல் கட்டணத்துக்கே காணாது. அமெரிக்கச் சந்தையில் விற்கப்போகிறீர்கள் என்றால் வெளியிட்ட மூன்று மாதத்துக்குள் பதிவு செய்வது கொடுத்த காசுக்கு நிறையத் திருப்பித் தரும் வேலை.

7. எல்லாத்தையும் எழுதி எனக்கே ரிஜிஸ்டர் தபால் அனுப்பிக்கிட்டா அது ஆதாரம் ஆகாதா?

பதிவுக்கு அது மாற்று இல்லை. திறந்த உறையை அனுப்பிப் பின்னால் ஒட்டியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு ஒரு வரி சொன்னால் போதும். தேதி வேண்டுமென்றால் வேலை செய்யும்போதே தானாகச் சேரும் தடங்களை வைத்துக்கொள்ளுங்கள்: கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு சேமிக்கும் கிட் கமிட்கள், லேயர்களோடு கூடிய மூலக் கோப்புகள், பழைய விதிப்புத்தக வரைவுகள், சோதனை ஆட்டத்துக்கு வந்தவர்களின் பெயரும் நாளும், ஓவியருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள். வளர்ந்து வந்த பாதையைக் காட்டும் முப்பது கோப்புகள் ஒரு மூடிய உறையைவிடப் பலமானவை. காப்பி அடித்தவரிடம் இறுதி வடிவம் மட்டும்தான் இருக்கும்.

8. பெயர் வெச்சாச்சு. அதே பெயர் வேற யாருக்காவது இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

கடைகளில் தேடுவது முதல் படி: ஸ்டீம், ஆப் ஸ்டோர், கூகுள் பிளே, பலகை விளையாட்டுக்கு போர்டுகேம்கீக். அடுத்து உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ், பிறகு நீங்கள் விற்கப்போகும் நாடுகளின் டிரேட்மார்க் தளங்கள். அங்கே பொருள்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள்: வகுப்பு 9 டவுன்லோடு செய்யும் மென்பொருளுக்கு, 28 பொம்மைக்கும் பலகை விளையாட்டுக்கும், 41 ஆன்லைனில் ஆடும் சேவைக்கு. எழுத்துக் கூட்டலை மாற்றியும், ஒலி ஒத்திருப்பதையும், பொருள் ஒன்றாக இருப்பதையும் தேடுங்கள். அப்படியே அதே பெயர் இருந்தால்தான் சிக்கல் என்றில்லை. வாங்குபவர் குழம்புவாரா என்பதுதான் கேள்வி.

ஸ்கிராபிள் என்ற சொல் விளையாட்டைப் போல ஆன்லைனில் வந்த ஸ்கிராபுலஸ் மீதான வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2008-இல் எப்படி முடிந்தது என்று பாருங்கள். ஸ்கிராபிள் பலகைக்கும் விதிக்கும் பதிப்புரிமை கேட்ட கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் ஸ்கிராபுலஸ் என்ற பெயரைப் பயன்படுத்தத் தடை போட்டது. கேள்வி 3-இல் சொன்ன கோடு அந்த ஒரே தீர்ப்பின் இரு பக்கத்திலும் தெரிகிறது.

உங்கள் பெயரைப் பதிவதானால் கேமை வர்ணிக்கும் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். ‘வார்த்தைப் புதிர்’ என்ற பெயரைப் பதியவும் முடியாது, பதிந்தாலும் காக்க முடியாது. முதல் நாட்டில் விண்ணப்பித்து ஆறு மாதத்துக்குள் மற்ற நாடுகளில் போட்டால் முதல் தேதியே கணக்காகும். மாட்ரிட் முறையில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைச் சேர்க்கலாம். முதல் ஐந்து ஆண்டுக்குள் சொந்த நாட்டுப் பதிவு விழுந்தால் மற்றவையும் சேர்ந்து விழும் என்பதை நினைவில் வையுங்கள். பதிவு கைக்கு வரும்வரை டிஎம் என்று மட்டும் போடுங்கள். அதற்கு முன்பே, பதிவானதைக் காட்டும் வட்டத்துக்குள் ஆர் போடுவது பல நாடுகளில் குற்றம்.

9. பேட்டன்ட் வாங்கிட்டா விதிகளையும் காப்பாத்தலாமே?

சில நேரம் முடிந்திருக்கிறது. மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டின் ஆட்ட முறைக்கு 1997-இல் அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது, சீட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பயன்படுத்துவதும் அதில் அடக்கம். 2014-இல் அது காலாவதியானது. ஆனால் வெறும் கருத்தைக் கணினியில் செய்வதால் மட்டும் பேட்டன்ட் கிடைக்காது என்று அதே 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஆலிஸ் தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்காவில் வாசல் குறுகிவிட்டது. பிளாக்ஜாக்கை ஆடும் புதிய முறைக்குக் கேட்ட பேட்டன்ட் 2016-இல் மறுக்கப்பட்டது. ஐரோப்பிய பேட்டன்ட் ஒப்பந்தத்தின் 52-ஆவது பிரிவும் இந்தியச் சட்டத்தின் 3(எம்) பிரிவும் விளையாடும் முறையை அப்படியே விலக்கி வைக்கின்றன. தொழில்நுட்பப் பக்கத்தில்தான் இன்னும் இடம் இருக்கிறது. உங்களோடு மோதிய எதிரிகள் நினைவு வைத்துப் பதவி உயரும் நெமிசிஸ் அமைப்புக்கு வார்னர் பிரதர்ஸ் 2021-இல் பேட்டன்ட் பெற்றது.

வெளிப்படுத்தினால் புதுமை போய்விடும் என்பதுதான் பலரை வீழ்த்தும் இடம். ஐரோப்பாவில் விண்ணப்பிக்கும் முன் பொதுவில் ஒருமுறை காட்டினாலே முடிந்தது. பொது இடத்தில் சோதனை ஆட்டம், நிதி திரட்டும் பக்கம், ஒரு வீடியோ எல்லாமே இதில் சேரும். அமெரிக்காவில் நீங்களே வெளிப்படுத்தியிருந்தால் ஓராண்டு அவகாசம் உண்டு. சின்னக் குழுவுக்கு எங்கள் அபிப்பிராயம்: பேட்டன்டுக்குப் போகும் பணத்தைப் பெயரைப் பதிவதிலும் ஒப்பந்தங்களிலும் போடுங்கள்.

மற்றவர்களின் பேட்டன்டை மட்டும் மறந்துவிட வேண்டாம். 2024 செப்டம்பரில் பால்வேர்ல்டை உருவாக்கிய பாக்கெட்பேர் மீது நின்டெண்டோவும் போகிமான் கம்பெனியும் டோக்கியோவில் வழக்குத் தொடுத்தபோது, போகிமான் உருவங்களோடு ஒத்திருப்பதைப் பற்றித்தான் என்று பலர் நினைத்தார்கள். வழக்கு பேட்டன்டின் மீது.

10. பப்ளிஷர்கிட்ட காட்டினா திருடிட மாட்டாங்களா? என்டிஏ கேட்கலாமா?

என்டிஏ என்பது ரகசியம் காக்கும் ஒப்பந்தம். கேட்கலாம், பெரும்பாலும் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஒரே மாதிரி ஐடியாக்கள் அவர்கள் மேசைக்கு நிறைய வரும். ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டால் இன்னொன்றை வெளியிடும்போது சிக்கல். மறுப்பதைத் திருட்டு எண்ணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கச் சுருக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, சந்திப்பு முடிந்ததும் ‘இன்று இந்த மாதிரியை இன்னாருக்குக் காட்டினேன்’ என்று நன்றி மின்னஞ்சல் போடுங்கள். அதுவே தேதி. என்டிஏ உண்மையில் உதவுவது ஓவியர், புரோகிராமர், அச்சகத்தார், மூடிய சோதனையாளர் போன்று உங்களோடு வேலை செய்பவர்களிடம். பேட்டன்ட் எண்ணம் இருந்தால் பப்ளிஷரிடம் போகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். காரணம் கேள்வி 9-இல் இருக்கிறது.

11. ஃப்ரெண்டு வரைஞ்சு கொடுத்தார். காசும் கொடுத்துட்டேன். படம் என்னுதுதானே?

பல நாடுகளில் இல்லை. இங்கே சொல்வதிலேயே அதிகம் கவனிக்க வேண்டிய பதில் இதுதான், ஏனென்றால் வெளியார் காப்பி அடித்து அழிந்த கேம்களைவிட உள்ளுக்குள் எழுதிக்கொள்ளாமல் நின்றுபோன கேம்களே நம்மைச் சுற்றி அதிகம். சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக உருவாக்கியது பொதுவாக முதலாளிக்குப் போகும். தனியாக ஒப்பந்தத்தில் வேலை செய்பவர் வரைந்தது பல நாடுகளில் அவருக்கே சொந்தம், எழுத்தில் மாற்றித் தரும்வரை. நீங்கள் கொடுத்த காசு அவர் வேலைக்கான கூலி மட்டுமே. பெட்டியில் அச்சிட்டுவிட்டு, விரிவாக்கத்தில் அதே பாத்திரத்தை வேறு ஓவியரிடம் வரையச் சொல்லும்போது, அல்லது கேமை வாங்க வரும் நிறுவனம் ‘காகிதத்தைக் காட்டுங்கள்’ என்னும்போது இது வெளியே வரும்.

வேலை தொடங்கும் முன் கையெழுத்தாக வேண்டிய வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘இந்தத் திட்டத்துக்காக நான் உருவாக்கும் எல்லாப் படங்கள், வரைவுகள், மூலக் கோப்புகள் ஆகியவற்றின் பதிப்புரிமை முழுவதையும், எல்லா நாடுகளுக்கும், உரிமைக் காலம் முழுவதற்கும், எல்லா ஊடகங்களுக்கும், தொகை முழுவதும் பெற்ற நாளிலிருந்து உங்களுக்கு மாற்றித் தருகிறேன். இவை என் சொந்தப் படைப்பு. பிறருடையதை எடுத்துச் சேர்க்கவில்லை.’ காலமும் இடமும் எழுதாவிட்டால் சில நாட்டுச் சட்டங்கள் தாமே குறுகலாக நிரப்பிக்கொள்ளும். இந்தியாவில் காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ‘மூலக் கோப்புகள்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தட்டையான படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அட்டையின் அளவை மாற்ற முடியாது.

கூட்டாக வடிவமைத்தால் யாருக்கு எத்தனை சதவீதம், ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன ஆகும், முடிவை யார் எடுப்பது என்ற மூன்றையும் நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். பப்ளிஷரோடு போடும் ஒப்பந்தத்தில் உரிமை திரும்பி வரும் ஷரத்தைத் தேடுங்கள்: ‘இத்தனை மாதத்துக்குள் அச்சிடாவிட்டால் அல்லது கையிருப்பு தீர்ந்து இத்தனை மாதம் மறுபடி அச்சிடாவிட்டால் உரிமை வடிவமைப்பாளருக்குத் திரும்பும்.’ இது இல்லாத ஒப்பந்தத்தில் உங்கள் கேம் அலமாரியில் தூங்கிக்கொண்டே இருக்கலாம்.

12. நெட்ல ‘ஃப்ரீ’ன்னு போட்டிருந்த படமும் பாட்டும் எடுத்தேன். சரிதானே?

‘ஃப்ரீ’ என்பது உரிமம் இல்லை; விலை மட்டுமே. உரிமத்தின் பெயரைப் பாருங்கள். சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம வரிசை. அதில் சிசி ஜீரோ என்றால் எப்படியும் பயன்படுத்தலாம். சிசி பை என்றால் பெயர் போட வேண்டும். அதோடு எஸ்ஏ இருந்தால் மாற்றி உருவாக்கியதையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். என்சி இருந்தால் விற்கும் கேமில் கூடாது. என்டி இருந்தால் வெட்டவோ நிறம் மாற்றவோ கூடாது. புரோகிராம் கோடிலும் இப்படித்தான்: எம்ஐடி உரிமம் என்றால் அந்த அறிவிப்பை கேமோடு சேர்த்துக் கொடுத்தால் போதும், ஜிபிஎல் என்றால் உங்கள் கோடையும் திறந்து கொடுக்க வேண்டிவரலாம்.

இசையில் இரண்டு உரிமை உண்டு, மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. பீத்தோவனின் மெட்டு பொதுவுடைமை. சென்ற ஆண்டு ஒரு இசைக்குழு வாசித்துப் பதிந்தது அவர்களுடையது. எழுத்துருவிலும் பலர் சறுக்குகிறார்கள்: கணினியில் வைத்து போஸ்டர் அடிக்க வாங்கிய உரிமம், ஆப்புக்குள் அந்தக் கோப்பைப் பொதிந்து அனுப்ப அனுமதிக்காமல் இருக்கலாம். ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் உள்ளவற்றைத் தயங்காமல் பொதியலாம்.

முதல் நாளிலிருந்தே ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி இப்படி: ‘கதவு திறக்கும் ஒலி, எடுத்த பக்கம், உருவாக்கியவர் பெயர், சிசி பை 4.0, எடுத்த தேதி, உரிமப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இருக்கும் கோப்பு, செய்த மாற்றம்.’ ஸ்கிரீன்ஷாட் எதற்கென்றால், பக்கம் நாளை மறைந்துவிடலாம். நூறு கோப்பு சேர்ந்த பிறகு உட்கார்ந்து தேடினால் பாதிக்கு மூலம் கிடைக்காது.

13. பழைய கதைகளை எடுத்துக்கலாம்தானே? எல்லாம் பொதுவுடைமைதானே?

மூலத்தை எடுக்கலாம், அதன்மேல் பின்னால் ஏறியதை எடுக்கக்கூடாது. 1900-இல் வந்த ஓஸ் கதையில் டோரத்தியின் காலணி வெள்ளி. சிவப்புக் கல் காலணி 1939 திரைப்படத்தில் வந்தது. புத்தகம் பொதுவுடைமை, படத்தின் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே நினைவிலிருந்து வரையாமல் பழைய பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வரையுங்கள். நம் நினைவில் இருப்பது பெரும்பாலும் திரைப்படம்தான். பொதுவுடைமைக்கு வரும் ஆண்டும் நாட்டுக்கு நாடு வேறு.

14. ஏஐ-ல போட்ட படங்களுக்கு எனக்கு உரிமை உண்டா?

அமெரிக்காவில், மனிதர் படைத்ததற்கே பதிப்புரிமை. மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியில் செய்த படங்கள் கொண்ட ஒரு காமிக்ஸுக்கு 2023 பிப்ரவரியில் அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் கதைக்கும் அடுக்கிய விதத்துக்கும் மட்டும் உரிமை தந்தது. தனித்தனிப் படங்களுக்கு மறுத்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மனிதர் ஆசிரியராக இருந்தாக வேண்டும் என்றது. அப்படியானால் உங்கள் அட்டைப்படம் முழுக்க ஏஐ என்றால், அதை இன்னொருவர் எடுத்துப் போட்டாலும் தடுக்க உங்கள் கையில் ஆயுதம் இருக்காது. லோகோ, முக்கியப் பாத்திரங்கள், அட்டைப்படம் மூன்றையும் மனிதர் கையால் வரைய வையுங்கள். கேள்வி 11-இல் சொன்ன ஒப்பந்தத்தில் ‘ஏஐ பயன்படுத்தினால் முன்கூட்டியே தெரிவிப்பேன்’ என்ற வரியையும் சேருங்கள். ஸ்டீம் 2024 ஜனவரியிலிருந்து ஏஐ பயன்பாட்டைத் தெரிவிக்கச் சொல்கிறது. தெரியாமல் எப்படித் தெரிவிப்பீர்கள்?

15. நிஜ கார், நிஜ ஆளோட முகம் வெக்கலாமா?

பொருளுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் உண்டு. கால் ஆஃப் டியூட்டி என்ற போர் கேமில் ஹம்வீ என்ற ராணுவ வண்டியைக் காட்டியதற்காகத் தொடுத்த டிரேட்மார்க் வழக்கில் 2020-இல் கேமை வெளியிட்ட ஆக்டிவிஷன் வென்றது. கதைக்கு அது பொருந்தியது, வாங்குபவரை ஏமாற்றவில்லை என்பதே காரணம். அங்கே பெரிய நிறுவனம் வழக்காடி வென்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெயரைக் கற்பனையாக வைத்து வடிவத்தையும் கொஞ்சம் மாற்றுவதுதான் மலிவு. வண்டியின் பெயரை விளம்பரத்தில் போடுவது வேறு விஷயம், அதைத் தவிருங்கள்.

ஆளின் முகம், பெயர், குரல் என்றால் எழுத்தில் சம்மதம் இல்லாமல் வேண்டாம். சம்மதம் தந்தவர் உடம்பில் பச்சை குத்தியிருந்தால் அந்த ஓவியம் குத்தியவருடையதாக இருக்கலாம். மல்யுத்த கேம் ஒன்றில் வீரரின் பச்சையை அப்படியே காட்டியதற்கு 2022-இல் அமெரிக்க ஜூரி ஓவியருக்குச் சாதகமாக 3,750 டாலர் தீர்ப்பளித்தது. பின்னர் நீதிபதி அந்தத் தொகையை நீக்கினார்.

16. ஃபேன் கேம்தான், காசே வாங்கல. அப்பவுமா?

அப்போதும்தான். நின்டெண்டோவின் மெட்ராய்ட் 2 கேமை ஒரு ரசிகர் பல ஆண்டு உழைத்து மறுபடி உருவாக்கி 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாள்களிலேயே நோட்டீஸ் வந்து டவுன்லோடு இணைப்புகள் போய்விட்டன. காசு வாங்காதது நஷ்ட ஈட்டின் அளவைக் குறைக்கலாம், அனுமதி ஆகாது.

எழுத்தில் கொடுத்த அனுமதியைத் தேடுங்கள். சில நிறுவனங்கள் ரசிகர் படைப்புக்கு விதிகளை வெளியிட்டிருக்கின்றன. சிலர் அதைவிட நல்லது செய்கிறார்கள்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் சிசி பை 4.0 உரிமத்தில் வெளியானது. பெயர் போட்டு அதை வைத்து விற்கும் கேமே செய்யலாம். தொகுப்பில் இல்லாத பூதங்களையும் ஊர்களையும் மட்டும் தொடக்கூடாது.

17. என் கேமை ஒருத்தன் காப்பி அடிச்சுட்டான். முதல்ல என்ன செய்யணும்?

அவருக்கு எழுதாதீர்கள், பொதுவில் திட்டாதீர்கள். எழுதினால் அவர் முதலில் அழிப்பது ஆதாரத்தைத்தான். கடைப் பக்கம், விலை, வெளியான தேதி, பதிப்பு எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேமை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆடும் வீடியோ பதியுங்கள்.

பிறகு பிரியுங்கள். எடுத்தது கோப்பா, வாசகமா, பெயரா, அல்லது ஆடும் முறை மட்டுமா? முறை மட்டும் என்றால், மனம் வலித்தாலும், பொதுவாகச் செய்ய ஒன்றும் இல்லை. கோப்பு என்றால் கடையின் பதிப்புரிமைப் படிவம், பெயர் என்றால் டிரேட்மார்க் படிவம். ‘என் கேமைக் காப்பி அடித்துவிட்டார்’ என்று எழுதினால் தூக்கிப் போடுவார்கள். ‘என் 14-ஆம் எண் சீட்டுப் படம், அவருடைய மூன்றாவது ஸ்கிரீன்ஷாட்டில் இடப்பக்கம்’ என்று எழுதினால் வேலை நடக்கும். டிஎம்சிஏ என்பது இணையத்தில் பதிப்புரிமை மீறலை நீக்கச் சொல்லும் அமெரிக்கச் சட்டம். அந்த முறையில் ‘நீக்கியது தவறு’ என்று அவர் எதிர் அறிவிப்பு கொடுத்தால், நீங்கள் வழக்குத் தொடுக்காவிட்டால் 10 முதல் 14 வேலை நாளில் அது திரும்ப ஏறிவிடும். தெரிந்தே பொய்யாக நோட்டீஸ் கொடுத்தால் நஷ்ட ஈடு உங்கள் தலையில் விழும்.

18. எனக்கே நோட்டீஸ் வந்திருக்கு. கேமை உடனே எடுத்துடட்டுமா?

முதலில் எதையும் அழிக்காதீர்கள்; பழைய பில்டுகளையும் கேள்வி 12-இல் சொன்ன ஷீட்டையும் தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள். நோட்டீஸில் நான்கைத் தேடுங்கள்: அனுப்பியவருக்கு உரிமை உண்டா, எந்த உரிமை, பதிவு எண் எந்த நாட்டுடையது, பதில் சொல்லக் கடைசி நாள் எது. டிரேட்மார்க் என்றால் எண்ணைப் பதிவுத் தளத்தில் போட்டு, எந்த வகுப்பு என்பதையும் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். பேட்டன்ட் என்றால் ஆண்டுக் கட்டணம் கட்டாமல் காலாவதியாகி இருக்கலாம்.

குறை ஒரே ஒரு ஒலியிலோ படத்திலோ இருந்தால் அதை மாற்றிப் புதிய பில்டை ஏற்றிவிட்டு ‘பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் நீக்கியிருக்கிறோம்’ என்று சுருக்கமாகப் பதில் போடுவது பல நேரம் போதும். எதிர் அறிவிப்பை மட்டும் கோபத்தில் அனுப்பாதீர்கள். பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியோடு, அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் காகிதம் அது.

19. நான் யாரையும் பார்க்கல. தனியா யோசிச்சேன். அதே மாதிரி ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. அப்பவும் தப்பா?

உரிமையைப் பொறுத்தது. பதிப்புரிமையில், பார்க்காமல் தனியே உருவாக்கியது மீறல் இல்லை. ஆனால் மிகவும் ஒத்திருந்து, அந்த கேம் எல்லாருக்கும் தெரிந்ததாகவும் இருந்தால், பார்த்திருப்பீர்கள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது கேள்வி 7-இல் சொன்ன முப்பது வரைவுகள்தான் உங்கள் பக்கம் பேசும். பேட்டன்டில் ‘நானே யோசித்தேன்’ என்பது செல்லாது. தனியாகக் கண்டுபிடித்தாலும் மீறல் மீறல்தான். டிரேட்மார்க்கிலும் உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதைவிட யார் முந்தியவர், வாங்குபவர் குழம்புவாரா என்பதே கணக்கு.

ஆகவே வெளியிடும் முன் கண்டுபிடித்தால் அந்த கேமை வாங்கி முழுவதும் ஆடாதீர்கள். கடைப் பக்கத்தை மட்டும் பாருங்கள், பார்த்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுவரை உள்ள உங்கள் கோப்புகளை ஒரு பிரதி எடுத்து மூடி வையுங்கள். அதற்குப் பிறகு செய்யும் மாற்றங்கள் அதை விட்டு விலகிப் போகும் திசையில் இருக்கட்டும். பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் யோசிக்காமல் இன்றே மாற்றிவிடுங்கள். அச்சுக்குப் போன பிறகு மாற்றினால் பெட்டி, விதிப்புத்தகம், கடைப் பக்கம் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.